மரியாதையான மூன்று இழுப்பு

முன்னொரு காலத்தில், கடல் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் இளமையாக இருந்தபோது, தெற்கே ஒரு ராஜ்யம் இருந்தது. அதில் ஏழு தீவுகள். கடல் உள்வாங்கும்போது எண்ணினால் ஏழு. கடல் ஏறும்போது எண்ணினால் நாலு. அரசரின் பெயர் ஏழுதீவாண்டார். அவர் எந்த நேரத்தில் எண்ணினார் என்பது பெயரிலிருந்தே தெரிகிறது அல்லவா?

ஏழில் பெரியது உப்புத்திடல். அரண்மனை, இருநூறு வீடுகள், உடைமரங்கள், தாழம்புதர்கள் எல்லாம் அங்கே இருந்தன. குடிக்கத் தண்ணீர் மட்டும் இல்லை. தலைமுறைக்கு ஓர் அரசர் கிணறு வெட்டிப் பார்த்தார். தலைமுறைக்கு ஒரு கிணற்றில் உப்புநீர் வந்தது. அதனால் தினமும் காலையில் ஒரு பெரிய படகு கரைநாட்டுக்குப் போகும். வயிறு நிறைய ஆற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு மாலையில் திரும்பும். ஊரார் அதைத் தண்ணீர்ப் படகு என்றார்கள்.

படகை ஓட்டியவர் வேலாண்டி. நல்ல மனிதர். கடலுக்குப் பயப்பட மாட்டார், காற்றுக்குப் பயப்பட மாட்டார். வீட்டுக்குப் போக மட்டும் கொஞ்சம் பயப்படுவார். வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி அவர் மனைவி சிலம்பாயி. இன்னொருத்தி அவருடைய அக்காள் அரியநாச்சி. பதினோரு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தம்பி வீட்டோடு இருந்தவள்.

நாத்தனாரைச் சிலம்பாயி மதினி என்று அழைப்பாள். அழைத்தே தீரவேண்டிய கட்டாயம் வந்தால். எட்டு வருஷமாக இருவருக்கும் சண்டை. மீன் குழம்பில் புளி கரைக்கவேண்டும் என்பது சிலம்பாயியின் கட்சி. மாங்காய் போடவேண்டும் என்பது அரியநாச்சியின் கட்சி. தீவில் புளியமரமும் கிடையாது, மாமரமும் கிடையாது. அதனால் சண்டை ஒன்றும் குறையவில்லை.

இருவரின் சுபாவத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். சிலம்பாயி எதையும் ஒரே ஒரு தடவைதான் கேட்பாள், அதுவும் வெடுக்கென்று. அரியநாச்சி எதையும் முதல் தடவை கேட்டதும் செய்யமாட்டாள். அவள் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்ப்பாள். அதற்குள் சிலம்பாயி தானே எழுந்துபோய் எடுத்துக்கொண்டுவிடுவாள். வீடு இப்படித்தான் நடந்தது.

ஒருநாள் காலையில் வேலாண்டி துறைக்கு வந்து நங்கூரத்தைத் தூக்கினார். கயிறு வந்தது, நங்கூரம் வரவில்லை. கயிற்றின் நுனியைப் பார்த்தார். முடிச்சு அறுந்திருக்கவில்லை, அவிழ்ந்திருந்தது. நங்கூரம் இல்லாமலே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

இரண்டாம் நாள் காலையில் படகின் பின்னால் சுக்கான் இல்லை. அதைப் பிணைத்திருந்த கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சு அறுந்திருக்கவில்லை, அவிழ்ந்திருந்தது. துடுப்பையே சுக்கானாகப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் வளைந்து வளைந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மூன்றாம் நாள் காலையில் பாய்மரத்தின் உச்சியில் கப்பி இல்லை. கிணற்றில் வாளி இழுக்கச் சகடை எப்படியோ, படகில் பாயை ஏற்றக் கப்பி அப்படி. வேலாண்டி மரத்தில் ஏறிப் பார்த்தார். அங்கேயும் முடிச்சு அறுந்திருக்கவில்லை, அவிழ்ந்திருந்தது. கப்பி இல்லாமல் பாய் ஏறாது. பாய் ஏறாமல் நடுவிலுள்ள நீரோட்டத்தைத் தாண்ட அவ்வளவு பெரிய படகால் முடியாது. தண்ணீர்ப் படகு துறையிலேயே நின்றது.

புதிதாகச் செய்துகொள்ளலாமே என்பீர்கள். தீவில் கொல்லர் இல்லை. மனிதக் கையைவிடப் பருத்த மரமும் இல்லை. கரைநாட்டில் செய்யச் சொன்னால் பத்து நாளாகும். கட்டுமரத்தில் குடங்களை வைத்துக் கொண்டுவந்து பார்த்தார்கள். கரை சேர்ந்தபோது ஒவ்வொரு குடத்திலும் பாதி ஆறு, பாதி கடல்.

வீடுகளில் மூன்று நாளுக்குத்தான் தண்ணீர் இருந்தது. குடங்களின் வாயைத் துணியால் கட்டி, சிரட்டையால் அளந்து குடித்தார்கள். அரசரும் கடல்நீரில்தான் முகம் கழுவினார். புருவத்தில் உப்புப் பூத்துக்கொண்டு அவையில் உட்கார்ந்திருந்தார்.

காணாமல்போன பொருள்கள் எங்கே என்பதில் ரகசியம் ஏதுமில்லை. உச்சிவெயிலில் துறையிலிருந்து எட்டிப் பார்த்தால், எட்டு ஆள் ஆழத்தில், வெள்ளை மணலில் நங்கூரம், சுக்கான், கப்பி மூன்றும் தெரிந்தன. யாரோ கடை பரப்பி வைத்ததுபோல் வரிசையாக இருந்தன.

தீவில் மூன்று குளியாட்கள் இருந்தார்கள். குளியாள் என்றால், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடலடிக்கு முங்கிப்போய் முத்தும் சங்கும் எடுக்கிறவர். அந்தக் கயிற்றின் மறுநுனியை மேலே பிடித்திருப்பவர் யார் என்பதில்தான் அவர் உயிர் இருக்கிறது. அதற்கு அந்தக் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றைக் குளியாளின் மச்சான்தான் பிடிக்கவேண்டும். அதாவது அவர் மனைவியின் உடன்பிறந்தவன். தன் சகோதரியின் தாலிக்காகவாவது அவன் கண் அசரமாட்டான் என்று யோசித்து வைத்த வழக்கம்.

கயிற்றுக்கு ஒரு பாஷையும் இருந்தது. ஓர் இழுப்பு என்றால் கயிறு விடு. இரண்டு இழுப்பு என்றால் சுமையைத் தூக்கு. மூன்று இழுப்பு என்றால் என்னைத் தூக்கு. கல்யாணத்தன்றே மச்சானுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

முதல் குளியாள் முங்கினார். நங்கூரத்தை நோக்கிக் கையை நீட்டும் நேரத்தில், மேலே கயிறு மூன்று தரம் அசைந்தது. மச்சான் நல்ல மச்சான். சட்டென்று இழுத்துவிட்டான். குளியாள் வெறுங்கையோடு மேலே வந்து, யாரடா உன்னை இழுக்கச் சொன்னது என்று கேட்டார். நீங்கள்தான் என்றான் மச்சான். நான் இழுக்கவே இல்லை என்றார் இவர்.

இரண்டாம் குளியாள் முங்கினார். கையை நீட்டினார். கயிறு மூன்று தரம் அசைந்தது. அவருடைய மச்சானும் நல்ல மச்சான். மூன்றாம் குளியாள் முங்கினார். அவருக்கு வாய்த்தது இன்னும் நல்ல மச்சான். மூன்றாவது அசைவு முடியுமுன்பே இழுத்துவிட்டான்.

சாயங்காலத்துக்குள் மூன்று குடும்பங்களில் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. இரண்டு வீட்டில் மனைவிமார் பாயைச் சுருட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு நாள் தண்ணீரும் தீர்ந்தது.

அரசர் தண்டோரா போட்டார். மூன்று பொருளையும் எடுத்துத் தருகிறவருக்குப் பாதி ராஜ்யம் என்று அறிவித்தார். ஏழில் பாதி எவ்வளவு, மூன்றரை என்றால் அந்த அரைத் தீவு எது என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவரும் முங்கத் தயாராக இல்லை.

அப்போது சிலம்பாயி அவைக்கு வந்தாள். தான் முங்குவதாகச் சொன்னாள். அவள் பிறந்த தீவில் பெண்கள்தான் கடலில் முங்கிப் பாசி எடுப்பார்கள். இருநூறு எண்ணும்வரை அவளால் மூச்சடக்க முடியும்.

அவையில் ஒரு சிக்கல் எழுந்தது. கயிற்றை மனைவியின் சகோதரன் பிடிக்கவேண்டும் என்பது விதி. குளியாளே மனைவியாக இருந்தால் யார் பிடிப்பது? விதி செய்தவர்களுக்கு அப்படி ஒன்று நடக்கும் என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அதற்கும் மூன்று விதி செய்திருப்பார்கள். பெரியவர்கள் விவாதித்தார்கள். விவாதம் நீளநீளத் தொண்டை வறண்டது. கடைசியில் அரசர், யாராவது பிடியுங்கள், சீக்கிரம் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் வேலாண்டியே கயிற்றைப் பிடித்தார். சிலம்பாயி கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். வேலாண்டி எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பத்தாவது எண்ணில் அவருக்கு வியர்த்துவிட்டது. கயிறு அசையவே இல்லை, இவரே இழுத்துவிட்டார்.

சிலம்பாயி மேலே வந்து கணவரைப் பார்த்தாள். மறுபடி இறங்கினாள். இந்த முறை எட்டாவது எண்ணில் இழுத்துவிட்டார். அன்றைக்கும் வெறுங்கைதான். அன்றைய தண்ணீரும் தீர்ந்தது.

மூன்றாம் நாள் காலையில் வீடுகளில் குடத்துக்கு ஒரு சாண் தண்ணீர்தான் மிச்சம். பின்மதியம் காற்று மாறும். அதற்குள் படகு கிளம்பாவிட்டால் மறுநாள் குழந்தைகளுக்குக்கூடத் தண்ணீர் இருக்காது. இது எல்லோருக்கும் தெரிந்ததால் துறையில் ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை.

சிலம்பாயி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுநுனியைக் கையில் வைத்து நின்றாள். கணவரைப் பார்த்தாள். அவர் இப்போதே எண்ண ஆரம்பித்திருந்தார். மூன்று நல்ல மச்சான்களையும் பார்த்தாள். பிறகு நேராக நாத்தனாரிடம் போனாள்.

"மதினி, கயிறு புடிங்க."

அரியநாச்சி கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்தாள்.

"நானா? என்னை நம்பியா இறங்குற?"

"நம்பிக்கையெல்லாம் ஒண்ணுமில்ல. நான் செத்தா உங்க தம்பிக்கு மூணு வேளையும் நீங்கதான் பொங்கணும். யோசிச்சுக்குங்க."

அரியநாச்சி கயிற்றை வாங்கி இரண்டு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்தாள். சுமைக்கென்று இன்னொரு கயிறு இருந்தது. அதை மூன்று குளியாட்களும் மூன்று மச்சான்களும் பிடித்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

சிலம்பாயி இறங்கினாள். நாற்பது எண்ணும்போது அடிமணலைத் தொட்டாள். அவள் நங்கூரத்தை நோக்கிக் கையை நீட்டினாள். பக்கத்தில் பாறை என்று அவள் நினைத்திருந்தது கண்ணைத் திறந்தது.

அது ஒரு பேய்க்கணவாய். மாட்டுவண்டி அளவு. எட்டுக் கைகள். அதில் இரண்டு கை மெல்ல உயர்ந்து, அவள் தலைக்கு மேலே கயிற்றைப் பற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என்று அளந்து இழுத்தன. பெரிய மனிதர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் அவ்வளவு பணிவு. இழுத்துவிட்டுப் பேய்க்கணவாய் அண்ணாந்து பார்த்தது.

மேலே மூன்று இழுப்பும் வந்துசேர்ந்தன. வேலாண்டி இழு என்றார். மச்சான்கள் இழு என்றார்கள். அரசரும் புருவத்து உப்பு உதிர இழு என்றார். அரியநாச்சி இழுக்கவில்லை.

"இது சிலம்பாயி இல்ல," என்றாள். "எட்டு வருஷமா அவ என்கிட்ட எதையும் மூணு தடவை கேட்டதில்ல. இவ்வளவு மரியாதையாவும் கேட்டதில்ல. இது வேற யாரோ."

கீழே பேய்க்கணவாய் காத்திருந்து பார்த்தது. மறுபடி மூன்று தரம் இழுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு வியப்பாகிவிட்டது.

கடலுக்கடியில் பேச முடியுமா என்று கேட்காதீர்கள். பேய்க்கணவாய் பேசியது. சிலம்பாயி வாயைத் திறக்காமல் கையாலும் கண்ணாலும் பதில் சொன்னாள்.

"மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் யார், அம்மா?" என்று அது கேட்டது.

சிலம்பாயி இடுப்பில் கையை வைத்து, முகவாயைத் தூக்கி, உதட்டைச் சுழித்து, வேறு பக்கம் பார்த்துக் காட்டினாள்.

"நாத்தனாரா?" என்றது பேய்க்கணவாய் உடனே.

பிறகு அது தன் வரலாற்றைச் சொல்லத் தொடங்கியது. மிகவும் மரியாதை தெரிந்த பிராணி. சுருக்கமாகப் பேசத்தான் தெரியாது. தன் பெயர் அண்டவாணர் என்றும், தான் ஒரு மந்திரவாதி என்றும் சொல்லி, தன் தகப்பனாரும் மந்திரவாதி, தன் பாட்டனாரும் மந்திரவாதி என்று அது விவரிக்கும்போது சிலம்பாயி தொண்ணூறு எண்ணியிருந்தாள். பாட்டனார் எந்த ஊரில் பிறந்தார் என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு என்று அது விளக்கும்போது நூற்றுப்பத்து. அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. மன்னிப்பும் நீளமாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். நூறு வருஷங்களுக்கு முன்னால் அவர் எந்த முடிச்சையும் தூரத்திலிருந்தே அவிழ்க்கும் மந்திரத்தைக் கற்றிருந்தார். ஒருநாள் விளையாட்டாக, கடலில் முங்கியிருந்த ஒரு குளியாளின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அந்த மனிதர் எப்படியோ பிழைத்துக்கொண்டார். ஆனால் கடல்தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. கயிறு இல்லாமல் அடியில் கிடப்பது எப்படி என்று நீயும் தெரிந்துகொள் என்று சொல்லி, அவரைப் பேய்க்கணவாய் ஆக்கிவிட்டாள். மேலே இருக்கிற ஒருவர், தான் யாரை இழுக்கிறோம் என்று தெரிந்தே இழுத்தால்தான் சாபம் தீரும்.

"நான் எத்தனையோ கயிறுகளைப் பற்றி, என்னைத் தூக்குங்கள் என்று முறைப்படி மூன்று தரம் கேட்டேன்," என்றார் அண்டவாணர். "ஒவ்வொரு தரமும் மச்சான்மார் குளியாளைத் தூக்கினார்கள். என் கை வழுக்கிவிட்டது. எனக்கு மச்சான் இல்லை, அம்மா. நங்கூரத்தையும் மற்றதையும் எடுத்தால் யாராவது கயிற்றோடு இறங்கி வருவார்களே என்றுதான் எடுத்தேன்."

நூற்றெழுபது. சிலம்பாயி கயிற்றைப் பற்றி வெடுக்கென்று ஒரே ஓர் இழுப்பு இழுத்தாள். மேலே அரியநாச்சி தண்ணீரில் விழப்போய்ச் சமாளித்துக்கொண்டாள்.

ஓர் இழுப்பு என்றால் கயிறு விடு என்றுதானே விதி என்றான் ஒரு மச்சான்.

"விதியை நீ வச்சுக்கோ," என்றாள் அரியநாச்சி. "இதுதான் அவ. கோவமா வேற இருக்கா." இழுத்தாள்.

சிலம்பாயி மூச்சு வாங்கியபின் எல்லாவற்றையும் சொன்னாள். அரசர் ஈட்டியைக் கொண்டுவரச் சொன்னார். குளியாட்கள் வலை என்றார்கள். அரியநாச்சி மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூறு வருஷமாவா கேட்டுக்கிட்டிருக்காரு?"

"ஆமா."

"ஒவ்வொரு தடவையும் மரியாதையாத்தான் கேட்டாராமா?"

"ஆமா மதினி."

சிலம்பாயி ஒரு காரியம் சொன்னாள். குளியாள் எவரும் செய்யாத காரியம் அது. கீழே போய்த் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து மந்திரவாதிக்குக் கட்டப்போகிறாள். மூன்று பொருளையும் சுமைக்கயிற்றில் கட்டப்போகிறாள். மூன்று இழுப்பு வந்தால், அது தான் இல்லை என்று தெரிந்தே மதினி இழுக்கவேண்டும். பொருளை மட்டும் கட்டித் தூக்கினால் போதாதா என்று அரசர் கேட்டார். அண்டவாணர் எட்டுக் கையாலும் மூன்றையும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கயிறு கட்டினால்தான் விடுவார் என்றாள் சிலம்பாயி.

"அப்ப உனக்குக் கயிறு?" என்றாள் அரியநாச்சி.

"எப்படியாவது வருவேன்."

"எப்படியாவதுன்னா எப்படி?"

சிலம்பாயி இரண்டாம் தடவை பதில் சொல்கிறவள் அல்ல. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மேலே அரியநாச்சி எண்ண ஆரம்பித்தாள். துறை முழுவதும் அவளோடு எண்ணியது. ஐம்பது. நூறு. நூற்றுநாற்பதில் கயிறு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அதே பணிவு.

இப்போது யாரும் இழு என்று சொல்லவில்லை. இழுத்தால் சிலம்பாயி கயிறில்லாமல் அடியில் இருப்பாள் என்று எல்லோருக்கும் தெரியும். வேலாண்டி மட்டும் அழுதுகொண்டே சொன்னார்: "அக்கா, அது அவ இல்லக்கா. இழுக்காதக்கா."

அரியநாச்சி இழுக்கவில்லை. அவள் வேறு பக்கமும் பார்க்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கயிற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது தன் கையிலிருந்த கயிற்றை அல்ல. ஆறு ஆண்கள் பிடித்திருந்த சுமைக்கயிற்றை. நூற்றெண்பது. நூற்றுத்தொண்ணூறு. கயிறு மூன்று தரம் மறுபடி பணிவோடு கேட்டது. அவள் அசையவில்லை. இருநூறு.

இருநூற்றுமூன்றாவது எண்ணில் சுமைக்கயிறு வெடுக்கென்று ஒரே ஓர் இழுப்பு இழுத்தது. ஆறு ஆண்களும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"அது சிலம்பாயி," என்றாள் அரியநாச்சி. "நங்கூரத்தைப் புடிச்சிருக்கா. இழுங்க." பிறகு தன் கையிலிருந்த கயிற்றை இறுகப் பற்றிக்கொண்டு கடலைப் பார்த்துச் சொன்னாள்: "இது அண்டவாணர். தெரிஞ்சேதான் இழுக்கிறேன்."

ஆறு பேரும் ஒன்றாக இழுத்தார்கள். இழுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. ஒருவர் பின்னால் ஒருவர், ஏலேலோ போட்டுக்கொண்டு இழுத்தார்கள். முதலில் கப்பி வந்தது. அடுத்துச் சுக்கான் வந்தது. கடைசியில் நங்கூரம் வந்தது. அதன் கொக்கியில் கால் மாட்டி, இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு சிலம்பாயி வந்தாள். கண் மூடியிருந்தது. கூப்பிட்டார்கள், பதில் இல்லை. கன்னத்தில் தட்டினார்கள், அசைவு இல்லை. வேலாண்டி கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அரியநாச்சி கயிற்றைக் கையில் இழுத்துக்கொண்டே வந்து குனிந்தாள். சிலம்பாயியின் காதருகே மெதுவாகச் சொன்னாள்.

"இன்னிக்கு வீட்ல மாங்காய் போட்டுத்தான் குழம்பு வைக்கப்போறேன்."

சிலம்பாயி இருமினாள். ஒரு செம்புக் கடல்நீரைக் கக்கினாள். ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"புளி," என்றாள்.

அந்த நேரத்தில்தான் மற்றக் கயிற்றின் நுனியில் பேய்க்கணவாய் கரையேறியது. வெயில் பட்டதும் அதன் கைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மூன்றாவது உதிர்ந்தது, நான்காவது உதிர்ந்தது, ஆறும் உதிர்ந்தன. மிச்சமிருந்த இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, வற்றலாக, நரைத்த தாடியோடு ஒரு மனிதர் நின்றார். கை இரண்டுதானா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார். பிறகு அரசரை வணங்கவில்லை, அரியநாச்சியை வணங்கினார். மூன்று தரம்.

அவர் நன்றியுரை சொல்லத் தொடங்கியதும் சிலம்பாயி கையைக் காட்டி நிறுத்தினாள். காற்று மாறப்போகிறது. அண்டவாணரே கப்பியைக் கட்டினார், சுக்கானைப் பிணைத்தார், நங்கூரத்துக்கு முடிச்சுப் போட்டார். நூறு வருஷமாக முடிச்சுகளை அவிழ்த்தவர் அல்லவா? அவர் போட்ட முடிச்சை அதற்குப் பிறகு யாராலும் அவிழ்க்க முடியவில்லை. வேலாண்டி பாயை ஏற்றினார். விளக்கு வைக்கும் நேரத்தில் தண்ணீர்ப் படகு வயிறு நிறையத் தண்ணீரோடு திரும்பியது. அன்றைக்கு உப்புத்திடலில் யாரும் சிரட்டையால் அளக்கவில்லை. தம்பி வீட்டுக்குப் போயிருந்த இரண்டு மனைவிமாரும் பாயை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். அரசர் முகம் கழுவினார்.

பாதி ராஜ்யத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கடல் ஏறியிருக்கும்போது எண்ணிப் பாதி கொடுத்தால் போதும் என்றாள் சிலம்பாயி. நாலில் பாதி இரண்டு. கணக்கும் நேராக வந்தது, அரசரும் மகிழ்ந்தார். கடல் உள்வாங்கியபோது அவளுடைய இரண்டில் ஒன்றோடு இன்னும் இரண்டு தீவு ஒட்டிக்கொண்டிருந்தது. அரசருக்கு அது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கடல் ஏறினாலும் முங்காத இரண்டில் ஒரு தீவில் அவள் புளியங்கன்று வைத்தாள். இன்னொன்றை நாத்தனாரிடம் கொடுத்து மாங்கன்று வைக்கச் சொன்னாள். யாரும் கேட்காமலே.

அண்டவாணர் ஊரோடு தங்கிவிட்டார். ஒருநாள் அரியநாச்சியிடம் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டார். அவள் வேறு பக்கம் பார்த்தாள். அடுத்த மாதம் இன்னொரு தடவை கேட்டார். அவள் வேறு பக்கம் பார்த்தாள். மூன்றாம் மாதம் மூன்றாம் தடவை, அதே பணிவோடு கேட்டார். சரி என்றாள்.

கல்யாண விருந்தில் அவரை உட்காரவைத்து, மீன் குழம்புக்குப் புளியா மாங்காயா என்று இரண்டு பெண்களும் கேட்டார்கள். நூறு வருஷமாக மீனைப் பச்சையாகத்தான் சாப்பிட்டேன், எதுவானாலும் சரி என்றார் அவர். இருவரும் சேர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தார்கள். எட்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

இப்போதும் அந்தத் துறையில் படகிலிருந்து எது விழுந்தாலும் அண்டவாணர்தான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குகிறார். மறுநுனியை அவருடைய மச்சான் வேலாண்டி பிடிக்கிறார், வழக்கம் எப்படியோ அப்படியே. எப்போது இழுப்பது என்பதை மட்டும் பக்கத்தில் நிற்கும் அரியநாச்சி சொல்கிறாள். கயிறு ஒன்று, இரண்டு, மூன்று என்று பணிவாக அசையும். அவள் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்ப்பாள். அப்புறம் இழுக்கச் சொல்வாள்.

அவர்கள் அங்கே கரையேறட்டும். நாம் இங்கே இறங்கிக்கொள்வோம்.